கேமராவைப் பைக்குள் வை: குமரியில் ஆறு நாள்

ஆகஸ்ட் 25, 2025, திங்கள் – நாகர்கோவில்

விடிகிற நேரத்தில் ரயில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குள் நுழைந்ததுமே காற்று மாறிவிட்டது. திருச்சியில் ஏறும்போது சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது, இங்கே ஜன்னலை இறக்கிவிடலாமா என்று தோன்றுகிற அளவுக்குக் குளிர்ச்சி. முப்பந்தல் பக்கம் காற்றாலைகள் ஒன்றுவிடாமல் சுற்றிக்கொண்டிருந்தன.

எதற்காக வந்தேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு சின்ன இணைய இதழில் மூன்று வருடமாகச் செய்தி எழுதுகிறேன். போன வருடத்திலிருந்து, 'படத்தையும் நீயே எடுத்துவிடு' என்று சொல்லிவிட்டார்கள். கேமரா வாங்கினேன், வீடியோ பார்த்துப் பார்த்துக் கற்றேன். படங்கள் பளிச்சென்று இருக்கும், ஆனால் யாரும் அதில் ஒரு நொடிக்கு மேல் நிற்பதில்லை, எனக்கே தெரியும். அதனால் தெரிந்தவர் ஒருவர் மூலமாக இவரைப் பிடித்தேன். முப்பத்தைந்து வருடம் பத்திரிகைகளுக்குப் படம் எடுத்தவர், வயது அறுபத்து மூன்று. பெயர் போடாதே என்று சொல்லிவிட்டார், அதனால் இங்கே அண்ணாச்சி.

வடசேரியில் லாட்ஜில் பையைப் போட்டுவிட்டுக் கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போனேன். டீக்கடை வாசலில் நின்றிருந்த அண்ணாச்சி என்னைப் பார்த்ததும் சொன்ன முதல் வார்த்தை: "கேமராவப் பைக்குள்ள வையி மக்களே. முதல்ல சாயா குடி."

அப்புறம் கனகமூலம் சந்தைக்குள் கூட்டிப்போய் ஒரு தூண் பக்கம் நிறுத்தினார். ஒரு மணி நேரம் சும்மா நிற்க வேண்டும், என்ன பார்த்தேன் என்று வந்து சொல்ல வேண்டும். நானும் நின்றேன். வாழைத்தார் வகைகள், சுமை தூக்குகிறவர்கள், தக்காளிக் கூடைகள் என்று ஒப்பித்தேன். வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று கேட்டார். தெரியவில்லை. சுமை தூக்குகிறவர்களில் யாருக்குக் கையில் கட்டுப் போட்டிருந்தது? அதையும் நான் பார்க்கவில்லை. அவர் டீக்கடையில் இருந்தபடியே பார்த்திருக்கிறார்.

மறுபடியும் போய் நில் என்றார். இரண்டாவது தடவைதான் அந்தப் பாட்டியைப் பார்த்தேன். கீரை விற்கிறவர். காசு வாங்கியதும் முந்தானை முனையில் முடிந்துகொள்கிறார், முடிந்ததும் அந்த முடிச்சை இரண்டு விரலால் இரண்டு தடவை தொட்டுப் பார்த்துக்கொள்கிறார். ஒவ்வொரு காசுக்கும் இதே மாதிரி. அண்ணாச்சியிடம் சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது. "அதுதான் படம். ஒருத்தர் ஒரு தடவ செய்யறத ஓடிப்போய் எடுக்க முடியாது. ஆனா மனுசன் ஒரு காரியத்தத் திரும்பத் திரும்பச் செய்வான் கேட்டியா? எதத் திரும்பச் செய்யான்னு கண்டுபிடிச்சிட்டா, நீ தயாரா நிக்கலாம்."

பில்ம் காலத்தில் ஒரு ரோலில் 36 படம்தான். அதையும் எடுத்து முடித்து, கவரில் போட்டு ஒட்டி, மதுரை போகிற பஸ் டிரைவர் கையில் கொடுத்துவிட்டு, அங்கே அலுவலக ஆள் வாங்கினாரா என்று இரவு பத்து மணிக்கு டெலிபோன் பூத்தில் நின்று கேட்பாராம். அதனால்தான் இவருக்குக் கை சும்மா சும்மா ஷட்டருக்குப் போவதில்லை.

மாலையில் மட்டிப்பழம் அரைக் கிலோ 40 ரூபாய்க்கு வாங்கிக் கொடுத்தார். விரல் நீளம்தான் இருக்கும், உரிக்கும்போதே வாசனை தூக்கும். 2023இல் புவிசார் குறியீடு கிடைத்த பழம். ரசவடையும் சாப்பிட்டேன், ரசத்தில் ஊறி, நடுவில் மட்டும் கொஞ்சம் மொறுமொறுப்பு பாக்கி இருந்த பதத்தில். இன்று ஒரு படம்கூட எடுக்கவில்லை. கால் மட்டும் வலிக்கிறது.

ஆகஸ்ட் 26, செவ்வாய் – தோவாளை

மூன்றரைக்கு எழுந்தேன். நான்கு மணிக்கு அண்ணாச்சியின் ஸ்கூட்டர் பின்னால் தோவாளைப் பூச்சந்தைக்கு. இன்று அத்தம், திருவோணத்துக்குப் பத்து நாள் கணக்கு தொடங்குகிறது. நாளைக்கு விநாயகர் சதுர்த்தி வேறு. கேரள வண்டிகள் வரிசையாக நிற்கின்றன, சந்தைக்குள் நடக்க இடமில்லை. கேந்தி மூட்டைகள், வாடாமல்லி, கோழிக்கொண்டை, அரளி, பிச்சி. சாக்கைப் பிரித்துக் கொட்டும்போது கிளம்புகிற ஈரமான வாசனையில் தூக்கம் போன இடம் தெரியவில்லை.

கேமராவை எடுத்தால் ஒன்றுமே தெரியவில்லை. கண்ணாடி முழுக்க ஆவி. துடைத்தால் மறுபடியும் படிகிறது. ராத்திரி ஏசி அறையில் மேசைமேல் வைத்திருந்தேன், அந்தக் குளிர்ந்த கண்ணாடியில் வெளிக்காற்றின் ஈரம் அப்படியே இறங்கிவிட்டது. இருபது நிமிடம் போயிற்று. சந்தை உச்சத்தில் இருந்த இருபது நிமிடம் அது, இன்னமும் மனசு ஆறவில்லை. ஏசி அறையில் படுத்தால் கேமராவைப் பையில் வைத்து ஜிப்பை மூடியே வைக்க வேண்டும், கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் பையோடு குளியலறையிலோ வராந்தாவிலோ கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். கடற்கரை ஊரில் வேலை செய்கிற எல்லோரும் இதைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த சிக்கல் விளக்கு. என் படங்களில் குறுக்கே பட்டை பட்டையாக இருட்டு விழுந்தது. கேமரா பழுதோ என்று பயந்துவிட்டேன். அண்ணாச்சி வாங்கிப் பார்த்துவிட்டு ஷட்டர் வேகத்தை நொடியில் 250இல் ஒன்றிலிருந்து நூறில் ஒன்றுக்கு இறக்கினார், பட்டை போய்விட்டது. நம் ஊர்க் கரண்ட் நொடிக்கு 50 சுற்று, அதனால் சாதாரண ட்யூப்லைட்டும் மட்டமான எல்.இ.டி.யும் நொடிக்கு நூறு தடவை மங்கி எரிகின்றன. நூறில் ஒன்றோ ஐம்பதில் ஒன்றோ வைத்தால் கேமரா ஒரு முழு மினுக்கலையும் வாங்கிக்கொள்ளும். வெளிச்ச உணர்திறனைக் கூட்டுகிற ஐ.எஸ்.ஓ.வை 3200இல் வைக்கச் சொன்னார், படத்தில் பொடிப்பொடியாகப் புள்ளி தெரிந்தாலும் பரவாயில்லையாம். "பொடி விழுந்தா விழட்டும். முகம் அசைஞ்சுபோனா ஒண்ணும் செய்ய முடியாது."

மூன்று தூரம் என்பது இன்றைய பாடம். முழுச் சந்தையும் தெரிகிற தூரத்தில் ஒன்று, ஆளும் வேலையும் தெரிகிற தூரத்தில் ஒன்று, கை எட்டுகிற தூரத்தில் ஒன்று. நான் எப்போதும் நடுத்தூரத்திலேயே நின்றுகொண்டிருக்கிறேன் என்பது இன்றைக்குத்தான் புரிந்தது. கிட்டே போகக் கூச்சம், தள்ளிப்போனால் படம் கைவிட்டுப் போய்விடுமோ என்ற பயம்.

விடிந்த பிறகு மாணிக்கமாலை கட்டுகிற ஒருவரின் வீட்டுத் திண்ணைக்குக் கூட்டிப்போனார். சிவப்பு அரளி, வெள்ளை அரளி, நொச்சி இலை. அரளிப்பூவை மடிக்கிற அந்த அசைவை நான் ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். பெருவிரல் நகத்தால் ஒரு அழுத்து, பூ பட்டையாக மடிந்து ஒரு சதுரம் ஆகிறது, பக்கத்துப் பூவோடு இடைவெளி இல்லாமல் உட்காருகிறது. கட்டி முடித்த பகுதி பாய் மாதிரி தட்டையாக, கல் பதித்த நகை மாதிரி மின்னுகிறது. அவருடைய நகம் அரளிச் சாயத்தில் ஊறிப் பழுப்பு ஏறிக் கிடந்தது. நகத்தைக் கிட்டே போய் எடுத்தேன். எடுக்கலாமா என்று கேட்டுவிட்டு எடுத்தேன்.

மத்தியானம் புட்டும் பயறும் பப்படமும் சாப்பிட்டுக்கொண்டே படக்குறிப்பு எழுதிக் காட்டினேன். 'தோவாளையைச் சேர்ந்த' என்று எழுதியிருந்தேன். "அவுரு தோவாளைன்னு உனக்கு யாரு சொன்னா?" நானே எழுதிக்கொண்டது. போன் செய்து கேட்டால் செண்பகராமன்புதூர். அண்ணாச்சிக்கு அதுவரை நான் பார்க்காத கோபம் வந்தது. "படம் கலங்கினா மன்னிச்சிருவாங்க. ஊர மாத்திப் போட்டா, அந்த ஊர்க்காரன் அடுத்த வாரம் உன் பத்திரிகையில எதையும் நம்ப மாட்டான்." பெயர், இனிஷியல், வயது, ஊர், என்ன செய்துகொண்டிருந்தார், எந்தத் தேதி. எழுதி அவரிடமே காட்டி வாசிக்கச் சொல்ல வேண்டும். இதைச் செய்யாமல் இடத்தை விட்டு நகரக்கூடாது.

ஆகஸ்ட் 27, புதன் – குளச்சல் பக்கம்

காலையில் டவுன் பஸ். எனக்கு மகளிர் இலவசப் பயணம், அண்ணாச்சிதான் டிக்கெட் எடுத்தார். குளச்சலுக்கும் முட்டத்துக்கும் நடுவில் ஒரு கரையில் இறங்கினோம். கரமடி இழுத்துக்கொண்டிருந்தார்கள். கடலுக்குள் அரைவட்டமாக வலையை விட்டுவிட்டு இரண்டு முனைக் கயிற்றையும் இரண்டு கூட்டம் கரையிலிருந்து இழுப்பது. இழுக்க இழுக்க இரண்டு வரிசையும் ஒன்றை நோக்கி ஒன்று நகர்ந்து வருகின்றன.

நான் கேமராவை எடுத்து ஐந்து படம் எடுப்பதற்குள் ஒருவர் கயிற்றை விட்டுவிட்டு வந்தார். "யாரக் கேட்டு எடுக்க?" நியாயமான கேள்வி. எனக்குத் தொண்டை அடைத்தது. அண்ணாச்சி குறுக்கே வரவில்லை, என்ன செய்கிறேன் என்று பார்த்துக்கொண்டு நின்றார். கேமராவைப் பையில் வைத்தேன், மன்னிப்புக் கேட்டேன், எந்த ஊர், எதற்கு வந்தேன் என்று சொன்னேன். இழுக்கலாமா என்று கேட்டேன். அவர் ஒன்றும் சொல்லாமல் கயிற்றில் எனக்கு இடம் விட்டார்.

முக்கால் மணி நேரம் இழுத்தேன். உப்பு ஊறிய கயிறு, உள்ளங்கையில் இரண்டு கொப்புளம். ஆனால் இழுத்தபோதுதான் தெரிந்தது, பாரம் எப்போது கூடுகிறது, எந்த அலைக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் குதிகாலை மணலில் ஊன்றுகிறார்கள், யார் மூச்சுக் கொடுத்து எண்ணுகிறார் என்பதெல்லாம். பிறகு அதே மனிதர் "போதும், போய் எடு" என்றார். அந்தக் குதிகால்கள்தான் இந்தப் பயணத்திலேயே எனக்குப் பிடித்த படம். பாதி புதைந்த எட்டுக் குதிகால், ஒரே கோணத்தில்.

மடி கரை ஏறியபோது கொஞ்சம் நெத்திலி, கொஞ்சம் சாளை, நிறையச் சொறி என்கிற ஜெல்லி மீன், ஒரு வாளி அளவுக்குப் பிளாஸ்டிக். இரண்டரை மணி நேர உழைப்புக்கு இவ்வளவுதானா என்று எனக்கு நெஞ்சு கனத்தது, அவர்கள் பேசாமல் பிரிக்க உட்கார்ந்துவிட்டார்கள். இந்த மாவட்டத்தில் விசைப்படகுக்குத் தடைக்காலமே இரண்டு. சின்னமுட்டத்தில் கிழக்குக் கடல் கணக்குப்படி ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணத்தில் மேற்குக் கணக்குப்படி ஜூன், ஜூலை. ஒரே மாவட்டத்தில் ஒரு துறைமுகம் திறந்திருக்கும்போது இன்னொன்று மூடிக் கிடக்கும். இது தெரியாமல் 'குமரி மீனவர்கள் கடலுக்குச் செல்லவில்லை' என்று படக்குறிப்பு எழுதினால் பாதி ஆட்களுக்கு அது பொய்.

இன்றைய நஷ்டத்தையும் எழுதிவிடுகிறேன். அவசரத்தில் கரையிலேயே லென்ஸ் மாற்றினேன். இந்தக் கரை மணல் கறுப்பும் சிவப்புமாக, மாவு மாதிரிப் பொடி. லென்ஸ் வளையத்தைத் திருப்பினால் இப்போது கரகரவென்று சத்தம். அண்ணாச்சி எப்போதும் இரண்டு கேமரா எடுத்துப்போவது பந்தாவுக்கு இல்லை, ஒன்றில் அகல லென்ஸ், ஒன்றில் தூர லென்ஸ், வெளியில் மாற்றவே கூடாது. என்னைப்போல ஒன்றுதான் இருந்தால் எதை வைத்துக்கொண்டு இறங்குவது என்று பஸ்ஸிலேயே முடிவு செய்துவிட வேண்டும். அறைக்கு வந்ததும் முதலில் பம்பால் ஊதி மணலைத் தள்ளினார், அதற்குப் பிறகுதான் நல்ல தண்ணீரில் நனைத்து இறுகப் பிழிந்த துணி. மணலோடு துடைத்தால் கீறல் விழும். உப்பை அப்படியே விட்டால் காய்ந்து பூத்துவிடும்.

மத்தியானம் ஒரு வீட்டு முன்கட்டில் மரச்சீனிக் கிழங்கும் சாளைக் கறியும், 60 ரூபாய். கறியில் எரிப்பு அதிகம், என் கண்ணில் தண்ணீர். அந்த அக்கா கேட்காமலேயே இன்னொரு கரண்டி கிழங்கு வைத்து, அதற்குக் காசு வேண்டாம் என்றார்.

ஆகஸ்ட் 28, வியாழன் – தூத்தூர்க் கரை

விடிந்ததிலிருந்து சாரல். அண்ணாச்சி கேமரா எடுக்காமல் வந்தார், கையில் ஒரு பழுப்புக் கவர் மட்டும்.

தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை ஊர்க்காரர்கள் ஆழ்கடலில் நாள்கணக்கில் தங்கி மீன் பிடிப்பவர்கள், பலருக்குக் கொச்சிதான் தொழில் துறைமுகம். 2017 நவம்பர் 29 ராத்திரி முதல் 30 வரை ஒக்கிப் புயல் அடித்தபோது இங்கே பலர் நடுக்கடலில் இருந்தார்கள். நிறையப் பேர் திரும்பவில்லை. அப்போது வாரக்கணக்கில் இந்தக் கரையில் கிடந்திருக்கிறார் அண்ணாச்சி.

ஒரு வீட்டுக்குப் போனோம். அந்த அம்மா எங்களை உட்காரவைத்துக் கருப்பட்டிக் காப்பி கொடுத்தார். பேச்சு முழுக்க மகளின் நர்சிங் படிப்பு, கூரை ஒழுகுவது, மழை. ஒக்கி பற்றி ஒரு வார்த்தை வரவில்லை, அண்ணாச்சியும் கேட்கவில்லை. கிளம்பும்போது கவரைக் கொடுத்தார். உள்ளே ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம், புதிதாக அச்சுப் போட்டது. வள்ளத்தின் நிழலில் குந்தி உட்கார்ந்து, வலைக்கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு வலை பொத்துகிற ஒரு இளைஞர். ஒக்கிக்குப் பல வருடம் முன்னால் வேறு செய்திக்காக எடுத்தது, போன மாதம் பழைய நெகட்டிவ்களைப் பார்க்கும்போது அகப்பட்டதாம். அந்த அம்மா படத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். ரொம்ப நேரம் கழித்து, "இந்தப் பல்லாலதான் எல்லாம் செய்வாவ" என்றார். சிரித்தார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி வரும்போது பஸ் நிறுத்தத்தில், துக்க வீட்டில் எப்படி எடுப்பது என்று கேட்டேன். கேட்கலாமா என்று யோசித்துத்தான் கேட்டேன். 2004 டிசம்பர் 26, சுனாமி அன்று குளச்சலில் ஒரு தாய் இவருடைய கேமரா வாரைப் பிடித்து இழுத்து, "எடுய்யா, எம்பிள்ளைய எடு, நாளைக்கு இல்லேன்னு சொல்லிருவானுவ" என்றாராம். பத்து நிமிடம் கழித்து இன்னொரு தாய் இவர்மேல் மணலை வாரி வீசினாராம். "ரெண்டு பேருக்கும் நியாயம் உண்டு. கிட்டப் போனாத்தான் யாரு எதச் சொல்லுவான்னு தெரியும். தூரத்துல ஒளிஞ்சு நின்னு பெரிய லென்ஸ வச்சு எடுத்தா அவங்க சொல்லுக வாய்ப்பையே பறிச்சிருக."

அதே சுனாமியில் கடலூரில் புகைப்படக்காரர் ஆர்கோ தத்தா எடுத்த படத்தைப் பற்றியும் சொன்னார். மணலில் குப்புற விழுந்து, உள்ளங்கைகளை விரித்து அழுகிற பெண். இறந்தவரின் கை மட்டும் ஓரத்தில். 2004ஆம் ஆண்டுக்கான உலகப் பத்திரிகைப் படப் பரிசு வாங்கியது அது. பிணத்தின் முகத்தைக் காட்டவேயில்லை, அந்தக் கை போதும் என்று அவர் நிறுத்திக்கொண்டதைக் கவனி என்றார். அறைக்கு வந்து தேடிப் பார்த்தேன். இதற்கு முன்னாலும் பார்த்திருக்கிறேன், அந்தக் கையைக் கவனித்ததில்லை.

ஆகஸ்ட் 29, வெள்ளி – கன்னியாகுமரி

இன்று பரீட்சை. விடியலிலிருந்து மத்தியானம் வரை எடுத்து, எட்டுப் படம் தேர்ந்து, குறிப்போடு மூன்று மணிக்குள் அனுப்ப வேண்டும். அண்ணாச்சி வீட்டில் இருப்பார்.

ஐந்தரைக்கே முக்கடல் கரையில் கூட்டம். ஆறே காலுக்கு உதிக்க வேண்டிய சூரியன் மேகத்துக்குள்ளேயே எழுந்து போய்விட்டது. எல்லோர் கையிலும் போன், எல்லாம் ஒரே திசையில், ஒன்றும் இல்லை. நானும் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, திங்கட்கிழமை சந்தையில் நின்றது ஞாபகம் வந்து திரும்பி நின்றேன். முகங்கள். போர்வை போர்த்திய ஒரு வடநாட்டுக் குடும்பம், தோளில் தூங்கும் குழந்தை, எட்டிப் பார்க்கிற ஒரு தாத்தாவின் கழுத்து நரம்பு. மேகத்தில் வடிகட்டி வந்த மென்மையான வெளிச்சம், நிழலே இல்லை. சூரியன் வந்திருந்தால் இந்த முகங்களைப் பார்த்திருக்கவே மாட்டேன்.

பிறகு பாசி மாலையும் பல நிற மணல் பொட்டலமும் விற்கிற ஒரு அண்ணனோடு மூன்று மணி நேரம் சுற்றினேன். பொட்டலம் 20 ரூபாய். காற்று அடிக்கிற அடியில் தட்டைப் பிடித்துக்கொண்டே விற்கிறார். படகு வரிசை பாறைக்கு நகரும்போது வியாபாரம், படகு நின்றால் வியாபாரம் நின்றது என்றார். திருவள்ளுவர் சிலைக்கும் விவேகானந்தர் பாறைக்கும் நடுவே கண்ணாடிப் பாலம் போன டிசம்பரில் திறந்த பிறகு கூட்டம் கூடியிருக்கிறது, ஆனால் எல்லோரும் வரிசைக்கு ஓடுகிறார்கள், கடைப் பக்கம் திரும்புவதில்லை என்பது அவர் கணக்கு. அதை அவர் சொன்னதாகவே குறிப்பில் எழுதினேன்.

பதினொன்றரைக்கு, சரியாக ஒரு பள்ளிக்கூடச் சுற்றுலாக் கூட்டம் அவரைச் சூழ்ந்துகொண்ட நேரத்தில், மெமரி கார்டு நிறைந்துவிட்டது. முக்கால்வாசி ஆனதுமே, ஓய்வு கிடைக்கிற நேரத்தில் மாற்றிவிட வேண்டும் என்று அண்ணாச்சி சொல்லியிருந்தார். அழித்து இடம் பண்ணவும் மனசு வந்தது, கேமராவில் வைத்து எதையும் அழிக்காதே என்றும் சொல்லியிருந்தார். கார்டு மாற்றி நிமிர்ந்தபோது பிள்ளைகள் போய்விட்டார்கள்.

எட்டுப் படம் தேர்ந்தது எடுத்ததைவிடக் கஷ்டம். டீக்கடையில் பழம்பொரி தின்றுகொண்டே போனில் ஏற்றி அனுப்பியபோது மணி 2:52. அண்ணாச்சி போன் செய்தார். ஐந்து சரி. இரண்டு ஒரே விஷயத்தைச் சொல்கின்றன, ஒன்றை எடுத்துவிடு. கடைசியாக ஒன்றில் அந்த அண்ணன் கேமராவைப் பார்த்துத் தட்டை உயர்த்திக் காட்டுகிறார். "நீ காட்டச் சொன்னியா?" ஆமாம், வெளிச்சத்துக்காகக் கொஞ்சம் உயர்த்தச் சொன்னேன். "அப்ப அது செய்திப் படம் இல்ல. எடுத்திரு." எடுத்துவிட்டேன். ஆறு படம் மிஞ்சியது.

ஆகஸ்ட் 30, சனி – நாகர்கோவில், தோவாளை

ரயில் சாயங்காலம்தான். காலையில் ஒரு ஸ்டூடியோவில் பதினான்கு படம் அச்சுப் போட்டேன், ஒன்று 12 ரூபாய். படத்தில் இருப்பவர்களுக்கே கொண்டுபோய்க் கொடுப்பது அண்ணாச்சியின் வழக்கம். குளச்சல் கரைக்குப் போக நேரமில்லை. அந்தப் பக்கம் வேலையாகப் போகும்போது கொடுத்துவிடுவதாகக் குதிகால் படத்தை அவர் வாங்கிக்கொண்டார்.

தோவாளைக்கு நானே போனேன். மாலை கட்டுகிறவர் திண்ணையில் இல்லை, ஓணத்து ஆர்டரில் உள்ளே நான்கு பேரோடு உட்கார்ந்திருந்தார். படத்தை வாங்கித் தன் நகத்தைப் பார்த்தார், நிஜ நகத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு பின்பக்கம் திருப்பினார். அங்கே நான் பென்சிலில் எழுதியிருந்ததை, பெயரும் இனிஷியலும் வயதும் செண்பகராமன்புதூரும், வாய்விட்டு வாசித்தார்.

"வயசு ஒண்ணு கூட்டிப் போட்டிருக்கியே மக்களே," என்றார். "ஆவணியிலதான் பொறந்தேன், இன்னும் பன்னெண்டு நாள் இருக்கு."

பையிலிருந்து பென்சிலை எடுத்துத் திருத்தினேன்.